எடை குறைத்த கார்

யார்க்‌ஷயரில் குழாய் வேலை பார்த்த ரோலண்டுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டிய பந்தயக் காரின் எடையை இன்னும் எப்படிக் குறைப்பது என்பதே அவருடைய நினைப்பு. தரைவிரிப்பைப் பிய்த்தார். பிரேக் மிதியில் ஓட்டைகள் போட்டார். பக்கத்து இருக்கையைக் கழற்றியபோது மனைவி கிளெனிஸுக்குப் பொறுக்கவில்லை.

“உன் தொப்பைய விட்டுட்டு எல்லாத்தையும் கழட்டிட்ட. அடுத்து பெயின்ட்டச் சுரண்டப் போறியா?”

“அதத்தான் யோசிச்சுட்டு இருக்கேன்.”

பீரையும் நிறுத்திப் பார்த்தார். அப்போதும் மனம் ஆறவில்லை. மலைச்சாலையில் கார்கள் ஏறும் பந்தயத்தன்று, உச்சிவரை போகப் போதும் என்று தோன்றிய பெட்ரோலை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெளியே எடுத்துவிட்டார்.

முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் இன்ஜின் இருமி நின்றது. வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். ரோலண்ட் இறங்கித் தோள் கொடுத்துத் தள்ளினார். அந்த மேட்டிலும் கார் மெல்ல ஏறிக் கோட்டைத் தாண்டியது. கிடைத்தது கடைசி இடம்.

“தள்ளுறதுக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார் கிளெனிஸ், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“லேசாத்தான் இருந்துச்சு, கண்ணு. ஆனா இந்த ஹாரன் எதுக்குன்னுதான் தெரியல,” என்றார் ரோலண்ட், மூச்சு வாங்க ஸ்பானரைத் தேடியபடி.