ஒன்றேகால் ஜோடி

என் மாமா ஒரே முகூர்த்தத்தில் இரண்டு பெண்களைக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று, பதினொரு வயதில், மூன்று நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா நம்பவில்லை, சோறு இறங்காமல் நம்பினேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மிஷின்மேன். எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். அத்தை இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு நெஞ்சில் வால்வு சரியில்லை. பிள்ளையும் இல்லை. காரியாபட்டியிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள், ஒண்ணப் பாத்து முடிச்சிருவோம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேவு பார்க்கும் ஆசையில் பின்னாலேயே போனேன். மாமா தெருமுனை டெலிபோன் பூத்துக்குள் நுழைந்து கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். நான் கண்ணாடிக் கதவில் காதை ஒட்டிக்கொண்டேன்.

“ஒண்ணு பத்தாதுங்க. ரெண்டா வேணும், ஜோடியா. பழசுன்னாலும் பரவாயில்ல. ஆனா ரெண்டும் ஒரே இடத்துல ஒண்ணாப் பொழங்குனதா இருக்கணும். எனக்கு ஒன்னேகாலே போதும்னு தோணுது.”

எனக்குக் கணக்கு நன்றாக வரும். ஒரே இடத்தில் ஒன்றாகப் புழங்கியவர்கள் என்றால் அக்கா தங்கச்சி. ஒன்றேகால் என்றால் வரதட்சணை லட்சம். லட்சத்தில் மாமா காட்டிய பெருந்தன்மை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ‘பழசு’ என்பதுதான் உதைத்தது. இரண்டு பேரில் யாரைப் பெரிய அத்தை என்று கூப்பிடுவது, மாடியில் இருக்கிற ஒரே கட்டிலில் யார் படுப்பது, போலீஸ் வந்தால் மாமாவோடு சேர்த்துப் பூத்துக்கு வெளியே நின்ற என்னையும் பிடிப்பார்களா என்றெல்லாம் யோசித்து ராத்திரி பூராவும் பாயில் புரண்டேன். மாமாவின் பழைய ஹெரால்டு கார் மாதக்கணக்காக மெக்கானிக் ஷெட்டில் பிரித்துப் போட்டுக் கிடப்பதை ஒரு நிமிடம் நினைத்திருந்தால் பிழைத்திருப்பேன். நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் தாங்க முடியாமல் அம்மாவிடம் கொட்டிவிட்டேன். அவள் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“ஏலே, ஒழுங்காச் சொல்லு. ரெண்டா?”

“ரெண்டு. ரெண்டும் பழசு.”

அம்மா சிரிப்பாள் அல்லது அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டையும் செய்யவில்லை. இரண்டோ ஒன்றோ, தம்பி தன்னிடம் சொல்லாமல் ஏதோ முடிவெடுத்துவிட்டான் என்பது மட்டும் அவளுக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். மாமா மெக்கானிக் ஷெட்டுக்குப் போயிருந்தார். வத்தல் கையோடு முகத்தைத் துடைத்துக் கண்ணைச் சிவக்க வைத்துக்கொண்டு, என்னை இழுத்துக்கொண்டு விஸ்வநத்தம் ரோட்டில் இருந்த அந்த ஷெட்டுக்கு நடந்தாள்.

அங்கே மணப்பெண்கள் தினத்தாள் மேல் படுத்திருந்தார்கள். இரண்டு ஜோடி. அலுமினிய உடம்பு, தலையில் குடம் கவிழ்த்தது போன்ற மூடி. மெக்கானிக் அண்ணாச்சி ஒன்றைக் கையில் தூக்கி, வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை கார்புரேட்டர்கள் என்றும், இஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டுவது அவைதான் என்றும், ஒன்று இருக்கிற இடத்தில் இரண்டு வைத்தால் கார் விசையாகப் போகும் என்றும் எனக்குச் சொல்லப்பட்டது. கோயம்புத்தூர்க்காரர் ஒன்றேகால் இஞ்ச் வாயில் ஒரு ஜோடியும் ஒன்றரை இஞ்ச் வாயில் ஒரு ஜோடியும் அனுப்பி, வேண்டாததைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார். எனக்கு வந்த வெட்கத்தில் அந்த நாலில் ஒன்றின் வாய்க்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

அண்ணாச்சி ஒன்றரையின் கட்சி. விசை கூட்ட இஞ்சின் தலையை இழைத்து, கேம்ஷாப்டை மாற்றி, இம்புட்டும் செய்த பிறகு சின்ன வாயை வைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வது மாதிரி என்றார். பெரிய ஜோடி போட்டால் மேல் வேகத்தில் பறக்கும், கீழே கொஞ்சம் திக்கும், அவ்வளவுதான். அப்புறம் மாமாவைப் பார்த்து, “நீங்க என்ன ரேஸுக்கா போகப் போறீக?” என்று கிண்டலடித்தார்.

மாமா சின்ன ஜோடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“பறக்க வேணாம் அண்ணாச்சி. வேகத்தடையில ஏறி இறங்குனதும் இழுக்கணும். அன்னைக்குக் கள்ளிக்குடிப் பக்கத்துல ஒரு லாரிய என்னால தாண்ட முடியல. நாலு தடவ வெளிய எடுத்தேன், நாலு தடவையும் வண்டி செத்துப்போய் உள்ள வந்துட்டேன். தாண்டியிருந்தா பத்து நிமிஷம் மிச்சம். மதுரை ஆஸ்பத்திரி வாசல்ல நுழையிற வரைக்கும் அவளுக்கு மூச்சு இருந்துச்சு. அக்காட்ட கேளுங்க, அவதான் மடியில வச்சிருந்தா.”

அண்ணாச்சி ஒன்றரை ஜோடியைச் சத்தமில்லாமல் பெட்டிக்குள் வைத்தார். அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. அத்தை போய்விட்ட பிறகு கார் சீக்கிரம் போய் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்க எனக்கு நாக்கு வரை வந்தது. என் வாயில் அன்று வெளியே வராமல் போன ஒரே சொல் அதுதான்.

அடுத்த ஞாயிறு பூட்டி முடித்து இஞ்சினை ஓடவிட்டார்கள். இரண்டு கார்புரேட்டரும் சமமாகக் காற்றை இழுக்கிறதா என்று காதால்தான் பார்க்க வேண்டும். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு வாயாகக் காட்டி, உஸ்ஸென்ற சத்தம் இரண்டிலும் ஒன்றுபோலக் கேட்கும் வரை திருகைத் திருப்புவார்கள். அண்ணாச்சி கேட்டார். மாமா கேட்டார். மிஷின் இரைச்சலில் பழகிய தன் காதை நம்பாமல், என்னையும் கேட்கச் சொன்னார். நான் பெரிய டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு மாமாவின் பல் அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு அவர் குழாயை அம்மாவின் காதில் வைத்து, மறுமுனையைப் பிடித்தபடி குனிந்து கேட்டார்.

“மூச்சு வருதாக்கா?”

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வருது தம்பி,” என்றாள்.

சொல்லிவிட்டுக் குழாயைக் கீழே போட்டாள். ஷெட்டுக்கு வெளியே போய் ரோட்டோரம் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பெட்ரோல் நெடி ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நான் அண்ணாச்சியிடம் தண்ணீர் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா, அத்தையை நினைத்து அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, தானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அம்மா அவர் தோளைத் தொடக்கூட இல்லை. இவ்வளவு அழுகிறவள் ஏன் கொஞ்சம் தள்ளி உட்கார்கிறாள் என்பது எனக்குப் புரியவில்லை.

அம்மா அதை எனக்குச் சொன்னபோது எனக்கே கல்யாணமாகிவிட்டது. மாமாவிடம் அவள் கடைசிவரை சொல்லவில்லை. சிவகாசியை விட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், கள்ளிக்குடிக்கு வெகு முன்னால், திருத்தங்கல் தாண்டும்போதே அத்தைக்கு மூச்சு நின்றுவிட்டது. அங்கிருந்து மதுரை வரைக்கும், மாமா திரும்பிப் பார்க்காமல் கேட்ட ஒவ்வொரு தடவையும், இருக்கு, நீ ஓட்டு என்று அம்மா சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள்.