பேபியின் கை எடை

பேப்பர் கட்டை இடது கையால் தூக்கி, கண்ணை மூடி, ஒரு கணம் மூச்சைப் பிடித்து நிற்கிறாள் பேபி. "ரெண்டே கா கிலோ" என்கிறாள். பிறகுதான் தராசு வெளியே வருகிறது. ஒரு தட்டில் என் பழைய பேப்பர். மறு தட்டில் இரண்டு கிலோ படிக்கல், அதன் தலைமேல் கால் கிலோ. தராசு ஆடி நிற்கிறது. கல்லைத் தொட்டுக் கூட்டவோ குறைக்கவோ அவள் கை போகவில்லை. "பின்ன எதுக்கும்மா தராசு?" என்று கேட்டேன் ஒரு நாள். "ஒனக்கு நம்பிக்க வரணும்ல சார்? எனுக்கு எதுக்கு அது?" என்றாள்.

பேபி என்று பெயர் வைத்தவர்கள் பிற்காலத்தை யோசித்திருக்க மாட்டார்கள். முப்பது வயது, என்னைவிட அரை அடி உயரம். தாம்பரம் மார்க்கெட்டில் அவள் கூப்பிட்டால் சானடோரியம் ஸ்டேஷனில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். தலையில் கூடை, தோளில் தராசு, இடுப்பில் மகள் அம்மணி. செம்பாக்கம் ஏரியை ஒட்டிய குடிசையில் தொடங்கி, ராஜகீழ்பாக்கம் சுற்றி, மத்தியானத்துக்குள் எங்கள் தெரு வந்து சேர்வாள். புருஷன் குப்பன் பல்லாவரம் பக்கம் கல் உடைக்கிறவன். பேச்சை மொத்தமாக மனைவியிடம் ஒப்படைத்துவிட்ட மனிதன்.

பழைய பேப்பர்காரர்கள் எடையில் ஏமாற்றுவார்கள் என்று நாம் சொல்கிறோம். நாம் செய்வதை அவர்கள் சொல்வதில்லை, பேபி சொல்வாள். கட்டின் நடுவில் ஈரப் பேப்பர், எண்ணெய் டின்னுக்குள் மணல், புத்தக மூட்டைக்குள் அரைச் செங்கல். எல்லாம் அவள் பார்த்தவை. கையில் வாங்கியதும் கனம் ஒட்டவில்லை என்றால் கட்டை அவிழ்த்து உள்ளே துழாவுவாள். ஒரு தடவை எங்கள் வீட்டுப் பேப்பர் கட்டிலும் ஈரம் அகப்பட்டது. மழைச்சாரல் என்றேன். "சித்திர மாசத்துல இன்னா சார் மழ?" என்று கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரித்தாள். சணல் கயிற்றின் எடையைக்கூடக் கழித்துவிட்டுத்தான் கணக்கு. என் கதை வந்த பத்திரிகைகளைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு தயங்கினேன் என்றால், "ஒங் கத கீற புக்கும் அதே வெலதான் சார், போடு" என்பாள்.

எங்கள் வீட்டு வெளி அறையை அரசாங்கத்தின் குழந்தை எடை மையத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதனால்தான் பேபியை இத்தனை கிட்டத்தில் பார்க்க வாய்த்தது. மையத்தை நடத்துகிறவள் ஜெயசீலி, இரும்புலியூரிலிருந்து சைக்கிளில் வரும் பெண். மாதத்தின் முதல் மூன்று நாட்கள் வராந்தா உத்தரத்துக் கொக்கியில், கடிகாரம் போல வட்ட முகம் கொண்ட தராசைத் தொங்கவிடுவாள். அதன் அடியில் கால்சட்டை போல் தைத்த துணித்தொட்டி. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை அதில் இறக்கி, முள் காட்டும் எடையை அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பாள்.

இங்கே சத்து உருண்டை கிடைக்க ஏழையாக இருந்தால் மட்டும் போதாது. பிள்ளையின் கோடு இரண்டு மாதம் ஏறாமல் படுத்திருக்கவேண்டும், அல்லது இறங்கவேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தொண்ணூறு நாள், தினம் ஓர் உருண்டை, மையத்திலேயே உட்கார்ந்து தின்னவேண்டும். கோடு ஏறிவிட்டால் பெயர் எடுபட்டுவிடும். போன வருஷம் அம்மணி அப்படித் தொண்ணூறு நாள் தின்று தேறினாள். பெயரை அடித்த அன்று மற்றத் தாய்மார்கள் முகத்தைத் தொங்கப்போட, பேபி மட்டும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்: "எம் பொண்ணு பாஸ் பண்ட்ச்சி!"

இனாம் வாங்குகிற கூச்சம் அவளிடம் கிடையாது. "இன்னா கூச்சம்? எம் பொண்ணு இப்ப துன்னா நாளிக்கு ரெண்டாளு வேலைய ஒர்த்தியா செய்வா. சர்க்காருக்குத்தான் லாபம்." இதைச் சொல்லும்போது, சர்க்கார் எதிரே நின்று நன்றி சொல்லக் காத்திருப்பது போல் ஒரு பார்வை பார்ப்பாள்.

இந்த வைகாசியில் அம்மணிக்கு வயிற்றுப்போக்கு. பத்து நாளில் குழந்தை வாடிய கீரையாகிவிட்டது. பேபி கூடையை எடுக்கவில்லை. அந்தப் பத்து நாளும் தெருவில் சத்தமே இல்லை. பிழைத்து எழுந்த குழந்தைக்குக் கண் மட்டும்தான் பெரிதாக இருந்தது. ஆனால் ஆனி மாதம் ஜெயசீலி எடை போட்டபோது முள் பழைய இடத்திலேயே, ஏழு கிலோ நானூறில் நின்றது. ஆடியில் ஏழரைக்கே போய்விட்டது.

"கோடு மேலே போகுதே, பேபி அக்கா. லிஸ்ட்ல போட முடியாது" என்றாள் ஜெயசீலி.

"இன்னாது, ஏழரையா? கண்ணத் தொறந்து புள்ளயப் பாரு டீச்சரம்மா. ராத்திரி வூட்ல எங்கையில தூக்கிப் பாத்தேன். ஏழு எரநூறு. அதுக்கு மேல ஒரு பல்லிமுட்டாயி கெடையாது."

"எனக்கும் தெரியுதுக்கா. ஆனா சூப்பர்வைசர் வந்து அட்டையைத்தான் பார்ப்பாங்க. குழந்தையைப் பார்க்க மாட்டாங்க."

"அப்ப ஒன் தராசு பொய் சொல்லுது. நாளிக்கு வர்றேன் பாரு."

மறுநாள் காலை பேபி வந்தபோது தலையில் கூடைக்குப் பதில் படிக்கற்கள். முத்திரை குத்திய ஐந்து கிலோ, இரண்டு கிலோ, இருநூறு கிராம். வராந்தாவில் பதினைந்து பெண்கள், இடுப்புக்கு ஒரு பிள்ளை. ஐந்தையும் இரண்டையும் துணித்தொட்டியில் இறக்கினாள். முள் ஏழில் போய் நின்றது. இருநூறைப் போட்டாள். இரண்டு கோடு நகர்ந்தது. ஒரு மயிரிழை பிசகவில்லை. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பேபியின் காது சிவந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"சரி. தராசு யோக்கியம்" என்றாள். "எங்கையும் யோக்கியமான்னு பாத்துர்லாம். மேரி, ஒம் புள்ளயக் குடு." அருள்மேரியின் பையன் தாவீதைத் தூக்கி, கண்ணை மூடினாள். "எட்டு நூறு." தொட்டியில் இறக்கினார்கள். எட்டு கிலோ நூறு கிராம். இப்போது யாரும் சிரிக்கவில்லை. கை சரி, தராசும் சரி. பின் நடுவில் முந்நூறு கிராம் எங்கிருந்து வந்தது?

பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்திருந்த அம்மணியை வாங்கி இடது கையில் ஏந்தினாள். முகம் மாறியது. "இன்னாடி இது, வூட்ல ஏழு எரநூறு, இங்க ஏழரையா கீற?" பேப்பர் கட்டைத் துழாவும் அதே கை, குழந்தையின் தோள், முதுகு என்று இறங்கி இடுப்பில் வந்து நின்றது.

அரைஞாண் கயிற்றில் கறுப்புத் துணி முடிச்சு ஒன்று தொங்கியது. அதை முடிந்தது பேபிதான். காலையில் எடை போட வரும்போது கட்டி, வீட்டுக்குப் போனதும் அவிழ்த்துவிடுவது வழக்கம். பிள்ளையை நாலு பேர் பார்க்க அந்தரத்தில் தொங்கவிட்டு, இத்தனை இருக்கிறது என்று உரக்கச் சொன்னால் கண் படாமல் இருக்குமா? இரும்புக்குக் கண்ணேறு அண்டாது. வராந்தாவில் நின்ற அத்தனை பிள்ளைகளின் இடுப்பிலும் ஏதோ ஒரு முடிச்சு இருந்தது. சட்டையைக் கழற்றச் சொல்லும் ஜெயசீலிகூட அரைஞாணில் கை வைக்கமாட்டாள். வைத்தால் மறுமாதம் ஒருத்தியும் வரமாட்டாள். ஆனியில் பேபி அதில் மாட்டு லாடத் துண்டு ஒன்று வைத்தாள். ஆடியில் குழந்தை இன்னும் இளைத்தது, பயம் கூடியது. கூடையில் வந்த பழைய பூட்டு ஒன்றையும் சேர்த்து முடிந்தாள். பிள்ளை குறையக் குறைய இரும்பு கூடியிருக்கிறது. முள் பாவம், இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறது.

சணல் கயிற்றின் எடையைக் கழிக்கிறவள் இதை எப்படிக் கழிக்காமல் விட்டாள்? பிற்பாடு கேட்டேன். "அது சாமி சமாச்சாரம் சார். அதுக்கு ஏது எட?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் உண்டு. அம்மணிக்கு முன்னால் பேபிக்கு ஒரு பையன் இருந்தான். பதினாலு மாதம். தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒருத்தி, "எம்மாங் கொழுகொழுன்னு கீறான்!" என்று கன்னத்தைக் கிள்ளினாளாம். அன்றைக்குக் காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் போய்விட்டான். கண்ணேறில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பேபிக்கோ அது கண்ணெதிரே நடந்தது.

வராந்தாவில் அன்று முடிச்சைப் பிடித்தபடி பேபி நின்றாள். அதை அவிழ்த்தால் உருண்டை. அவிழ்த்தால் பிள்ளைக்குக் காவலும் இல்லை. ஜெயசீலி மெதுவாக, "வேணாம்னா விடுங்கக்கா. அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்றாள்.

"அட்த்த மாசம் வரைக்கும் இன்னாத்தத் துன்னும்?" என்றாள் பேபி.

முடிச்சை அவிழ்த்தாள். பூட்டும் லாடமும் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. பதினைந்து பெண்கள் முன்னால் அம்மணியைத் தொட்டியில் இறக்கி, கையை எடுத்துவிட்டு ஓரடி பின்னால் வந்து நின்றாள். "எல்லாரும் நல்லாப் பாருங்க. பாத்துட்டு, இன்னா கீதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். குரல் கணீரென்றுதான் இருந்தது. கை மட்டும் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது. முள் ஏழு கிலோ இருநூறில் நின்றது. ஜெயசீலி கோட்டைக் கீழே இழுத்து, பெயரை எழுதி, உருண்டையை எடுத்து வந்தாள். அம்மணி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அடுத்தது யார் என்று ஜெயசீலி பார்த்தாள். தாவீதை ஏற்கெனவே நிறுத்தாகிவிட்டது, முடிச்சோடு. எட்டு நூறு என்று எழுதினால் அவனுக்கும் உருண்டை கிடையாது. அவன் விலா எலும்பை அங்கிருந்தே எண்ணலாம். அருள்மேரி பிள்ளையின் இடுப்பைக் கையால் மூடிக்கொண்டாள். முடிச்சுக்குள் வேளாங்கண்ணி மாதா சுரூபத்தோடு ஒரு கட்டை ஆணியும் இருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

"என்னால முடியாதுக்கா. எல்லாரும் பாத்துகினு கீறாங்க" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

வழக்கமாக ஒன்றுக்குப் பத்தாகப் பதில் சொல்கிற பேபி, அருள்மேரி கையை எடுக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். முடிச்சு அவிழ்ந்தது. பையன் தொட்டிக்குள் இறங்கினான். உடனே பேபி தன் முந்தானையை உதறி விரித்து, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, தராசுக்கும் கூட்டத்துக்கும் நடுவே திரையாக நின்றாள். முள் எங்கே நின்றது என்று ஜெயசீலி ஒருத்திக்குத்தான் தெரியும். பேபியும் பார்க்கவில்லை, முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.