ஆல்ட்யே நிறுத்தி நிறுத்திப் படித்த பாட்டு

ஆல்ட்யே எங்கள் பள்ளியில் டச்சு மொழி ஆசிரியை. புதுக்கவிதையைப் பிள்ளைகளிடம் கொடுத்து, "எதுகை இல்லேன்னா விட்டுடாதே. எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருது, ஏன் வருதுன்னு பாரு" என்பாள். விவாகரத்தான பிறகு அவளுக்கு அதுவே பொழுதுபோக்கு. கார் வைப்பரின் ஓட்டத்திலும் சீர் பிரிப்பாள்.

டிசம்பர் ஐந்தாம் தேதி ஆசிரியர் அறையில் புனித நிக்கோலாஸ் பெயரால் பரிசு கொடுப்போம். கூடவே ஒரு கேலிப் பாட்டும் இருக்கும். எழுதியவர் பெயர் இருக்காது. வாங்கியவர் அதை உரக்கப் படித்த பிறகுதான் பரிசைப் பிரிக்கலாம்.

ஆல்ட்யேவுக்கு வந்த பாட்டை எழுதியவன் வேதியியல் ஆசிரியன் டௌவே. கடைசி அடிகளை என்னிடம் காட்டியிருந்தான். அவளிடம் நேரில் கேட்கத் துணிவில்லாததை அங்கே வைத்திருந்தான்.

அவள் படித்தாள்:

"சிவப்புப் பேனா இல்லாமல் சிரிக்கத் தெரியுமா?
சீரை எண்ணா நாளொன்று சீராய் விடியுமா?
நில்லாமல் படி, ஆல்ட்யே."

உடனே நிறுத்தினாள். "இயைபு பரவாயில்ல. மூணாவது அடி ஏன் குட்டை?"

"படிம்மா, பெல் அடிக்கப் போகுது" என்றார் தலைமையாசிரியர்.

அடுத்த பத்தி முடிவிலும் அதே அடி வந்தது. "திரும்ப வருதே. கெஞ்சுறாரா, அதட்டுறாரா?" என்று மறுபடி நிறுத்தினாள்.

டௌவே என் காதில், "இவ கடைசிக்கு வரவே மாட்டா" என்றான். அவன் விரல் மட்டும் காப்பிக் கோப்பையில் தட்டிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் முறையும் அந்த அடி வந்தது. இம்முறை அவள் நிற்கவில்லை.

"சனிக்கிழமை ரயிலேறிக் கடலுக்குப் போகலாம்;
சாயங்காலம் மீன்சூப்பு குடித்துவிட்டு..."

அதற்குமேல் வெற்றிடம்.

டௌவேயின் விரல் நின்றது.

"அடி முடியலையே" என்றாள் ஆல்ட்யே. சிவப்புப் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டே படித்தாள்: "சாவகாசமாய்த் திரும்பலாம். ஹ்ம், மோனையும் விழுது. நன்றி, புனிதரே."

நல்ல கவிதை என்று நான் சொல்லமாட்டேன். அதன் சிறந்த இரண்டு சொற்கள் எழுதியவனுடையவை அல்ல.

பெல் அடித்தது. பரிசாக வந்த சாக்லேட்டை ஒடித்து டௌவேயின் கோப்பையருகே ஒரு துண்டு வைத்தாள்.

"அடுத்த வருஷம் கையைப் பாக்கெட்டுல வச்சுக்கோப்பா. நான் படிக்கிறதுக்கு முன்னாடியே உன் விரல் அடுத்த சீரைத் தட்டுது."

"அப்போ முதல்லயே தெரியுமா? எதுக்கு அத்தனை தடவை நிறுத்தின?"

"உன் முகத்தைப் பாக்கத்தான்."