ஜன்னல் பத்தி

பக்கத்து வகுப்புத் தமிழ் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘ஒரு பத்தி டீச்சர்’. ஆசிரியர் அறையில் அதைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்; பக்கம் பக்கமாக விழுங்கித்தான் மேலே வந்தேன். ஒரு பத்தியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் என்ன செய்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

பத்தியைக் கையால் எழுதி, வரிகளுக்கு எண் போட்டு, ஓரத்தில் நாலு விரல் இடம் விட்டு, எல்லோருக்கும் நகல் கொடுப்பார். முதல் நாள் வாசிப்பு மட்டும். இரண்டாம் நாள், எந்தச் சொல் உறுத்துகிறது என்று கேட்பார். மூன்றாம் நாள், தாளில் அவர் கோடு போட்ட இடத்தில் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி. பதில் வரும்வரை அவர் வாய் திறக்க மாட்டார். அந்த அமைதி பக்கத்து வகுப்பில் இருக்கும் எனக்கே பதற்றமாக இருக்கும்.

அந்த ஆண்டு அவருடைய கவலையெல்லாம் கடைசி பெஞ்ச் பெண்தான். பள்ளி திறந்ததிலிருந்து வகுப்பில் ஒரு வார்த்தை பேசாதவள். அவளுக்காகவே அந்தப் பத்தியைத் தேடிப் பிடித்திருந்தார். அதில் ஒரு தச்சர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரேயடியாகப் போகிறார். ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைக்கிறார். ஏன்?

“அவகிட்ட பதில் இருக்கு தம்பி. அவசரப்படுத்தினா உள்ளயே போயிடும்,” என்றார் என்னிடம்.

எத்தனை பாடம் முடித்திருக்கிறார் என்று பார்க்கத் தலைமையாசிரியர் என்னைத்தான் அனுப்பினார். பதினொன்றில் நான்கு என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய்யில்லை. அடுத்த வாரம் அவரை அலுவலகத்தில் சான்றிதழ் எழுத வைத்தார்கள். வகுப்பு எனக்கு வந்தது. “ஜன்னல் பத்தியில மூணாம் நாள் பாக்கி,” என்று மட்டும் சொல்லித் தாள்களைக் கொடுத்தார்.

அதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட நினைத்தேன். கோட்டைத் தாண்டி வாசித்துக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சில் ஒரு கை எழுந்தது.

“சார், இங்க நிக்கணும். டீச்சர் கோடு போட்டிருக்காங்க.”

கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் ஏழு பாடம்.

“அப்புறம் பாக்கலாம்மா.”

கை இறங்கியது.

மாலையில் வருகைப் பதிவேட்டை வைக்க அலுவலகம் போனேன். அவர் பேனாவை மூடினார்.

“அவ பேசினாளா தம்பி?”

பேசினாள் என்றால், என்ன சொன்னாள் என்று கேட்பார்.

“இல்லக்கா.”

“பரவால்ல. பேசுவா.”

மறுநாள் அதே தாளை எடுத்துப் போனேன். கோட்டில் நிறுத்திக் கேள்வியைக் கேட்டுவிட்டு, மணி அடிக்கும்வரை நின்றேன். அவள் தாளை நாலாக மடித்து, புத்தகத்துக்கு அடியில் வைத்திருந்தாள்.