காய் முற்றும்வரை

பிற்பகல் மூன்று இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. அக்கா மகளின் புருஷன், அந்த வீட்டு மாப்பிள்ளை. "சித்தி, மாமா போயிட்டாரு" என்றான். எப்போது என்று நான் கேட்பதற்குள், "வர்றவங்க உட்கார பின்பக்கம் நாற்காலி போடணும். அந்தச் செடிய எடுத்துடறேன், சரிதானே?" என்றான். எனக்குக் குரல் வரவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான். அவருடைய உடம்புச் சூடு ஆறுவதற்குள் கத்தியைத் தேடியிருக்கிறான். மாப்பிள்ளை என்றால் 'என்றார்' என்றுதான் எழுத வேண்டும். இன்று எனக்கு வரவில்லை.

அத்தான், அக்காவின் கணவர், கல்லூரித் தாவரவியல் துறையில் முப்பத்தொரு வருடம் கடைநிலை ஊழியர். காய்ந்த செடியை அட்டையில் வைத்துத் தைத்து, ஓரத்தில் சீட்டு ஒட்டும் வேலை. பெயர் சொல்வது பேராசிரியர்கள். ஒருமுறை ஒருவர் பூவை மட்டும் பார்த்து ஒரு பெயரைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அத்தானும் எழுதி ஒட்டினார். பிறகு அதே செடியின் காயைப் பார்த்தபோதுதான் தப்பு தெரிந்தது. போய்ச் சொன்னதற்கு, "நீ பசையைப் பாருய்யா" என்றாராம் அந்த மேதை. பன்னிரண்டு வருடம் அந்தப் பொய் அத்தானின் கையெழுத்திலேயே கிடந்தது. அதற்குப் பின் காயைப் பார்க்காமல் அவர் எதற்கும் பெயர் எழுதியதில்லை.

ஓய்வு பெற்றபின், வீட்டுப் பின்புறம் இடுப்புயரத்துக்கு ஒரு செடி தானாக வளர்ந்தது. வெளிர் ஊதாப் பூ. அவர் தைத்த எந்த அட்டையிலும் இல்லாத பூ. மாப்பிள்ளை ஏசி விற்கும் கடையில் மேலாளர். படம் எடுத்தால் செடியின் பெயர் சொல்லும் செயலியைத் திறந்து போனை நீட்டினான். முதல் படத்துக்கு அரளி என்றது. இரண்டாவதற்கு ஏதோ மல்லி. மூன்றாவதில் அவன் கட்டைவிரலும் விழுந்ததால் காளான். முதல் பதிலே அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

"அரளி விஷம் மாமா. குழந்தை வந்து போற வீடு. வெட்டிடலாம்."

"வலை கட்டிடறேன். காய் இன்னும் பச்சை. பத்து நாள் குடுங்க மாப்பிள்ளை, முத்தினா சொல்லிடுவேன்."

"பூவைப் பார்த்தாலே தெரியலையா?"

"காயைப் பார்க்காம பேர் வைக்கிறது, விசாரிக்காம பொண்ணு குடுக்கிற மாதிரி. ஒரு தடவை பட்டாச்சு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

நானும் யோக்கியமில்லை. "பேர் தெரியலேன்னா குடியா முழுகிடும் அத்தான்?" என்று கேட்டவள்தான். "தெரியலேன்னா பரவாயில்லைம்மா. தப்பா எழுதிடக் கூடாது" என்றார்.

எட்டாம் நாள் மாரடைப்பு.

நான் போய்ச் சேர்ந்தபோது அடிக்கட்டையின் மேல் ஒரு நாற்காலி சரியாக நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை அதில் உட்கார்ந்து, "அரளிங்க. நல்லவேளை, எடுத்துட்டேன்" என்று துக்கத்துக்கு வந்தவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தான். அரளிக்கு இலை மும்மூன்றாக வரும். இதற்கு இரண்டிரண்டு. மாமனார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் கொஞ்சம் எண்ணியிருக்கலாம். வெட்டியதெல்லாம் எங்கே என்றேன்.

"குப்பை வண்டில ஏத்தியாச்சு சித்தி."

மேஜைமேல் அத்தானின் அட்டை இருந்தது. கிளை, இலை, இரண்டு பூ தைத்திருந்தார். சீட்டில் இடம், தேதி, உயரம். பெயருக்கான கோடு வெறுமை. மாப்பிள்ளை பேனாவைத் திறந்துகொண்டு வந்தான். "அரளின்னு எழுதிடறேன் சித்தி. முழுசா இருக்கும்ல?"

அட்டையை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

இப்போது என் எதிரில் இருக்கிறது. கீழ் ஓரத்தில், காயைப் போட்டு வைக்க அவர் மடித்த சிறு காகித உறை. மூன்று பக்கம் ஒட்டியிருக்கிறார். நான்காவது பக்கம் ஒட்டவில்லை.