தாண்டவராயன் போட்ட ஐஸ் டீ

உத்திரமேரூர் பெரிய ஏரியின் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் பயிரிடும் தாண்டவராயனுக்குப் போன வைகாசி வரையில் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாது. அதை அவர் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. நாற்றைப் பார்த்ததும் வயது சொல்லுவார். மடைத் தண்ணீருக்காக யாரோடும் மல்லுக்கு நிற்பார். கழனியிலிருந்து வந்து தொட்டியில் கால் கழுவும்போதே “பரிமளா, டீ” என்பார். துண்டால் முகத்தைத் துடைத்து முடிப்பதற்குள் டம்ளர் கைக்கு வந்துவிடும்.

பரிமளாவின் டீ அந்தத் தெருவில் பேர் போனது. இஞ்சியைத் தோலோடு நசுக்கிப் போட்டு, பால் பொங்கி அடங்கிப் பொங்க விட்டு, கறுத்த சிவப்பில் இறக்குவாள். கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது இருவருக்கும் வழக்கம். “இதுங்க ரெண்டு பேருக்கும் தொண்ட தகரத்துல செஞ்சது” என்று நடவாட்கள் சிரிப்பார்கள்.

தை மாதம் பரிமளாவின் இடது கன்னத்துக்குள் இருந்த ஆறாத புண்ணைப் புற்று என்று சொன்னார்கள். காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சுக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர். கரண்ட் எல்லாம் முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோது அவள் வாய் உள்ளே வெந்துபோயிருந்தது. நர்ஸ் ஷாரோன் அவளை எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டுத் தாண்டவராயனைத் தனியே கூப்பிட்டாள்.

“ஐயா, நாப்பது கிலோதான் இருக்காங்க. அடுத்த தடவ வரும்போது முப்பத்தெட்டுக்குக் கீழ போயிருந்தா மூக்கு வழியா குழாய் போட்டுடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. சூடா ஒண்ணும் குடுக்காதீங்க. மிளகா, மிளகு, புளிப்பு எதுவும் வேணாம். ஜில்லுனு குடுத்துப் பாருங்க, எறங்கும்.”

தனியே சொன்னது பரிமளாவின் காதிலும் விழுந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, சரியாக அசையாத நாக்கால் சொன்னாள். “மூக்குல கொழா மட்டும் வாணாம்யா.” அவளுடைய அக்கா ஆண்டாளம்மாள் அப்படி ஒரு குழாயோடு படுத்தவள்தான், எழுந்திருக்கவில்லை. மூக்கில் குழாய் இருந்தபடியேதான் அந்த உடலைப் பரிமளா பார்த்தாள்.

“போட வுடமாட்டேன், சும்மா இரு” என்றார் தாண்டவராயன்.

சொல்லிவிட்டாரே தவிர, எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டில் இருக்கும் தம்பி மனைவி எல்லம்மாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மோர் பட்டதும் பரிமளாவுக்குக் கண்ணில் நீர் வந்தது. இளநீரைத் தலையசைத்துத் தள்ளினாள். வேறு என்னதான் வேண்டும் என்று கேட்டதற்கு, விரல்களை டம்ளர் பிடிப்பதுபோல் வளைத்துக் காட்டினாள். டீ.

மகள் இளவரசி ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருந்தாள். லீவு தீர்ந்துபோய்ப் போனில்தான் வந்தாள்.

“நைனா, டீய நல்லா ஆற வச்சு, ஐஸ் போட்டுக் குடு. இங்க கடையில அதத்தான் ஐஸ் டீ லாட்டேன்னு நூத்தி எம்பது ரூவாக்கி விக்கிறான்.”

“அம்மாம் காசுக்கு மாட்டையும் சேத்துக் குடுப்பானா?”

“வெளாடாத நைனா. நான் சொல்றாப்பல செய். தூளத் தண்ணியில மட்டும் கொதிக்க வுடு, பால் ஊத்தாத. வடிகட்டி, சூட்டோட சர்க்கரையக் கரச்சிடு. அப்பறம் பிரிட்ஜில வையி. காச்சின பாலத் தனியா ஜில்லு பண்ணிக்கோ. ஒரு பாட்டல்ல ஊத்தி, மூடி போட்டுக் குலுக்கினா நொர வரும். டம்ளர்ல ஐஸ், அது மேல டீ, அது மேல பாலு. அம்மாவுக்கு சத்தும் எறங்கும்.”

முதல் நாள் அவர் அடுப்பின் குமிழைத் திருப்பிவிட்டுத் தீக்குச்சியைத் தேடினார். பற்றியபோது கைமயிர் பொசுங்கியது. டீ ஆறுவதற்குள் பொறுமை போய், சுடச்சுட ஐஸ் மேல் ஊற்றினார். ஐஸ் கரைந்து, ஏரியில் புதுவெள்ளம் வந்த நிறத்தில் ஒரு தண்ணீர் நின்றது. மறுநாள் பாலை வடிகட்டாமல் ஊற்றியதில் ஏடு பரிமளாவின் தொண்டையில் ஒட்டிக்கொண்டு, அவள் இருமி இருமி ஓய்ந்தாள். மின்சாரம் போய்ப் போய் வந்ததால் ஐஸும் உறையவில்லை. அக்னி நட்சத்திர வெயிலில் ஊரே மின்விசிறிக்கு ஏங்கியது, இவர் ஐஸுக்கு ஏங்கினார்.

மூன்றாவது முறை பாலைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி இரண்டு கையாலும் குலுக்கிக்கொண்டிருந்தபோது எல்லம்மாள் வாசலில் நின்று பார்த்தாள்.

“இன்னா மாமா, சாமி வந்துடுச்சா?”

“போமே அந்தாண்ட. நொர வரணும்.”

“நொர வர்றதுக்குள்ள உன் தோளு கயண்டுடும். குடு இப்பிடி.”

கொடுக்கவில்லை. நுரை வந்தது. குளிர்ந்த டீயின் மேல் அது வெள்ளையாக மிதந்தது. பரிமளா அதை உற்றுப் பார்த்தாள், அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு கரண்டி கரண்டியாக வாங்கி அரை டம்ளர் குடித்தாள். வாயின் ஓரம் லேசாக இழுத்தது. அவள் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது. எல்லம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பின் தினமும் காலையிலும் மாலையிலும் போட்டார். கழனியைத் தம்பி பார்த்துக்கொண்டான். தூளை எவ்வளவு போடுவது, பாலை எவ்வளவு நேரம் வைப்பது எல்லாம் கைக்கு வந்தன. பரிமளா முக்கால் டம்ளர் வரை குடித்தாள். குழாய் வராது என்று தாண்டவராயன் நம்பத் தொடங்கினார். போனில் இளவரசியிடம் குரலை உயர்த்திப் பேசினார்.

தைரியம் வந்ததும்தான் அவருக்கு ஒன்று உறுத்தியது. இது பரிமளாவின் டீ இல்லை. இஞ்சி இல்லாமல் அந்த வீட்டில் டீ போட்டதே இல்லை. தொண்டை கட்டினாலும் சளி பிடித்தாலும் ஊரே சொல்வது இஞ்சியைத்தான். ஆஸ்பத்திரியில் மிளகாய் கூடாது, மிளகு கூடாது, புளிப்பு கூடாது என்றார்கள். இஞ்சியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல சாறுள்ள துண்டாகப் பார்த்து அம்மியில் நசுக்கி, தூளோடு சேர்த்துக் கொதிக்கவிட்டார். மணம் கூடத்துக்கு வந்ததும் பரிமளா தலையைத் தூக்கிப் பார்த்தாள். அதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவள் ஒரு பெரிய வாய் குடித்தாள்.

டம்ளர் தரையில் உருண்டது. பரிமளா இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, கத்தவும் முடியாமல் குனிந்தபடி உடம்பை ஆட்டினாள். தண்ணீர் கொடுத்தார், துப்பினாள். ஐஸ் கட்டியை நீட்டினார், கையைத் தட்டிவிட்டாள். “இன்னாமே, இன்னா ஆச்சு, சொல்லுமே” என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் எதைச் சொல்வாள்? ஓடிவந்த எல்லம்மாள் தரையில் சிந்தியதை மோந்து பார்த்தாள்.

“இஞ்சி போட்டியா மாமா? வெந்த புண்ணுல இஞ்சியா?”

“தொண்டைக்கு நல்லதுனு…” என்றார்.

அதற்குப் பிறகு பரிமளா வாயைத் திறக்கவில்லை. இஞ்சி போடாமல் போட்டுக் கொண்டுவந்தார். தன் நாக்கில் ஊற்றிக் காட்டினார். “இந்தா பாரு, வெறும் டீ. உம்மேல சத்தியமா வெறும் டீ.” டம்ளர் பக்கத்தில் வரும்போதே அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். அது கோபம் இல்லை, பயம் என்று அவருக்குத் தெரிந்தது. கோபமாக இருந்திருந்தால் சமாதானப்படுத்தத் தெரியும், நாற்பது வருஷப் பழக்கம். பயத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் எடை முப்பத்தேழு காட்டியது. ஷாரோன் குழாயை எடுத்து வந்தபோது பரிமளா தாண்டவராயனின் சட்டைக் கையைப் பிடித்தாள். அவர் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு, குழாய் உள்ளே போய் முடியும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊற்றும் முறையை ஷாரோன் காட்டினாள். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சைக் குழாயில் செருகி உயரத் தூக்கிப் பிடிக்க வேண்டும், அழுத்தக் கூடாது, தானாக இறங்கும்.

“டீ ஊத்தலாமா மேடம்?”

“கஞ்சி, பாலுதான் முக்கியம். டீயும் கொஞ்சம் ஊத்தலாம், வடிகட்டிக்கோங்க. ஐஸ் வேணாம், வெதுவெதுப்பா இருக்கணும். ஆனா ருசி தெரியாது ஐயா அவங்களுக்கு.”

வீட்டுக்கு வந்த மறுநாள் மாலை பரிமளா விரல்களை வளைத்துக் காட்டினாள். அவர் அடுப்பைப் பற்றவைத்தார். ஐஸ் எடுக்கவில்லை, பாட்டிலைக் குலுக்கவில்லை. வெதுவெதுப்பாக ஆற்றி, இரண்டு தடவை வடிகட்டி, சிரிஞ்சில் ஊற்றித் தூக்கிப் பிடித்தார். டீ மெல்ல மெல்ல இறங்கியது. பரிமளா அந்த மட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சொட்டு இறங்கியும் அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

பிறகு கையை நீட்டினாள். டம்ளரின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, கொடுத்தார். அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். குழாயும் பிளாஸ்திரியும் ஒருபக்கத்தை அடைத்திருந்ததால் தலையைச் சாய்த்து, மறுபக்கத்தால் மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள்.

வாசனை வருகிறதா என்று கேட்கலாம். இல்லை என்று அவள் தலையாட்டிவிட்டால்? தாண்டவராயன் கேட்கவில்லை. டம்ளரை அவளாகத் திருப்பித் தரட்டும் என்று சிரிஞ்சைப் பிடித்தபடி நின்றார். அவள் தரவில்லை.