துணைக்கு எத்திராஜ்

மதியழகனுக்கு நாற்பத்தாறு வயதில் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. அந்த வயதில் ஆம்பிளைகளுக்குப் பிடிக்கும் மற்ற பைத்தியங்களுக்கு இது எவ்வளவோ தேவலை என்றுதான் அவர் மனைவி மெர்சி முதலில் நினைத்தாள். பெங்களூர் ஆஸ்டின் டவுன் வீட்டிலிருந்து பீன்யா லேத் பட்டறைக்குப் பஸ்ஸில் போய் நொந்துபோவதைவிட மிதித்தே போகிறேன் என்று ஆரம்பித்தார். இரண்டு வருஷத்தில் அது காஷ்மீர் வரை வந்து நின்றது.

"ஹெப்பாள் ஃப்ளைஓவர் ஏறினா ஸ்ரீநகர் வரைக்கும் ஒரே ரோடு மெர்சி. எங்கயும் திரும்ப வேண்டியதே இல்ல," என்பார், முனைக் கடைக்குப் பால் வாங்கப் போகிறவர் மாதிரி.

மெர்சியின் இயேசு படத்துக்கும் அவருடைய புத்தர் படத்துக்கும் நடுவில் இந்தியா வரைபடம் ஏறியது. கனம் குறைக்கிறேன் என்று பல் துலக்கும் பிரஷின் காம்பைக்கூடப் பாதியாக நறுக்கினார்.

மெர்சியின் கண்ணில் பட்டது வேறு. மாடிப்படியில் பாதி ஏறியதும் குனிந்து ஷூ லேஸ் கட்டுவார். ஒருநாள் செருப்பு போட்டிருந்தபோதும் அதே படியில் குனிந்தார். இடது கை மரத்துப்போகிறது என்று ஹேண்டில்பாரை உயர்த்தினார், பிறகு தாழ்த்தினார், பஞ்சு வைத்த கையுறை வாங்கினார். கை மரத்துக்கொண்டுதான் இருந்தது.

"ஒரு ஈசிஜி எடுத்துடலாங்க."

"எதுக்கு? போவாதன்னு சொல்வான் டாக்டரு. அதக் கேக்கறதுக்கு நான் காசு குடுத்துப் போவணுமா?"

பயணத்தில் கூட வருகிறவன் எத்திராஜ். அதே பட்டறை, பத்து வயது இளையவன், அவனும் இவர்களைப் போலவே கோலார் தங்கவயல் மாரிக்குப்பத்துக்காரன். அவனைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள். கொஞ்ச நேரம் மழுப்பிவிட்டுச் சொன்னான்.

"நந்தி மலை ஏறச்சொல்ல பாதில உக்காந்துட்டாரு அண்ணி. மூஞ்செல்லாம் வேர்த்துப் போச்சி, பேச்சே வரல. மடில சாச்சிக்கினு இருந்தேன். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. நீங்க பயப்படாதீங்க, நான் பின்னாலயேதான் வருவேன்."

மெர்சிக்கு அந்த இடத்தில்தான் அந்த யோசனை வந்தது. அவர்கள் மூன்று பேருடைய அப்பாக்களும் தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர்கள். சுரங்கத்து ஆட்கள் குடியிருந்த அந்த வரிசை வீடுகளில் ஒற்றை ஆளாக யாரும் வேலைக்கு இறங்கமாட்டார்கள். ஜோடி ஆள் வரவில்லையென்றால் ஷிஃப்டை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். சுரங்கம் மூடியும் வழக்கம் போகவில்லை. மெர்சியிடம் காதலைச் சொல்ல வந்த அன்றுகூட மதியழகன் ஒரு சிநேகிதனைக் கூட்டிவந்து பத்தடி தள்ளி நிறுத்தியிருந்தார்.

"நீ வரலன்னு சொல்லிடு எத்திராஜ். நீ இல்லாட்டி அவரு கெளம்ப மாட்டாரு. ஒத்தையா எறங்கற பழக்கம் நம்மள்ல உண்டா?"

அவன் யோசித்துப் பார்த்தான். "அதுவும் சரிதான் அண்ணி," என்றான். மறுநாளே மாமியாருக்கு ஆபரேஷன் என்று மதியழகனிடம் சொல்லிவிட்டான்.

மதியழகன் ஒரு வாரம் வரைபடத்தின் பக்கமே போகவில்லை. மெர்சி நிம்மதியாகத் தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்தபோது சைக்கிள் பைகள் எல்லாம் கூடத்தில் பிரிந்து கிடந்தன. தொலைந்தது சனி என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம்தான் பார்த்தாள். அவர் மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். எத்திராஜ் சுமக்க வேண்டிய ஸ்டவ்வும் கூடாரமும் இவர் பைக்குள் போய்க்கொண்டிருந்தன.

"தனியாவா போறீங்க?"

"எங்கப்பாவும் ஜோடி ஆளோடதான் எறங்கனாரு. பாறை உழுந்தப்ப அப்பா கால் மாட்டிக்கிச்சி. கூட இருந்தவன் ஓடிப் பொழச்சிருக்கலாம். உட்டுட்டுப் போவாம நின்னான். ரெண்டு பேரையும் சேத்துதான் தூக்கினு வந்தாங்க." பட்டையை இழுத்து மாட்டினார். "எத்திராஜ நெனச்சித்தான் இத்தினி நாளா தள்ளிப் போட்டுக்கினு இருந்தேன். நடுரோட்ல எனக்கு ஒண்ணு ஆனா அந்தப் பையன் இன்னா பண்ணுவான்? அவனா வரலன்னதும் மனசு லேசாயிடுச்சி."

மெர்சி அவர் கையிலிருந்த பட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அவனா சொல்லல. நான்தான் சொல்லச் சொன்னேன். நீங்க நிக்கணும்னுதான்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் அழுதாவது தடுத்திருப்பாள்.

"நல்ல காரியந்தான் பண்ண மெர்சி," என்றார்.

திங்கட்கிழமை விடியும் முன்னே கிளம்பினார். மெர்சி வாசலோடு நிற்கவில்லை. நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, சைக்கிளின் பின்பையைப் பிடித்தபடி தெருமுனைவரை கூடவே நடந்தாள். முனையில் அவர் பெடலில் கால் வைத்ததும் கையை எடுக்க வேண்டியதாயிற்று. அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.